சம்பளச் சீட்டில் தெரியாத ஒரு விழுக்காடு

ஊழியர் பயிற்சிக்கென மலேசிய முதலாளிகள் மாதந்தோறும் கட்டும் லெவிப் பணத்தில் செயற்கை நுண்ணறிவையும் கற்றுக்கொள்ளலாம். அந்தப் பணத்தை யார் கேட்கிறார்கள்? யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

மலேசியாவில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சம்பளச் சீட்டின் ஒவ்வொரு வரியும் மனப்பாடம். இபிஎஃப்புக்கு இவ்வளவு, சொக்சோவுக்கு இவ்வளவு, கைக்கு வருவது இவ்வளவு. ஆனால் அதே சம்பளத்தைக் கணக்கிட்டு மாதந்தோறும் கட்டப்படும் இன்னொரு தொகை அந்தச் சீட்டில் இடம்பெறுவதில்லை. அடிப்படைச் சம்பளமும் நிலையான அலவன்சும் சேர்ந்து 3,000 ரிங்கிட் என்றால், அதில் ஒரு விழுக்காடான 30 ரிங்கிட்டை முதலாளி தம் பையிலிருந்து, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குக் கட்டுகிறார். எச்ஆர்டி கோர்ப் என்று எல்லாரும் சொல்வது இந்தக் கழகத்தைத்தான். பழைய ஆட்கள் இன்னும் எச்ஆர்டிஎஃப் என்பார்கள்.

அந்த 30 ரிங்கிட் எதற்கு? அந்த ஊழியரும் அவருடன் வேலை செய்கிறவர்களும் புதிதாக ஏதாவது கற்றுக்கொள்வதற்கு. வேறெதற்கும் அந்தப் பணம் உருவாக்கப்படவில்லை. ஊழியரின் சம்பளத்தில் அதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. பிடித்தம் இல்லாததால் சீட்டில் வரி இல்லை. வரி இல்லாததால் ஊழியருக்குச் செய்தியே தெரிவதில்லை. இபிஎஃப் ஒரு மாதம் வராவிட்டால் கேள்வி கேட்கும் நாம், பயிற்சி லெவி ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தாலும் கேட்பதில்லை.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அலுவலக மேசைகளுக்குச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. கடிதம் எழுதுகிறது, கணக்கைச் சரிபார்க்கிறது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிறது. அதைக் கையாளத் தெரிந்தவருக்கு அது துணை. தெரியாதவருக்கு அதே கருவி போட்டியாக நிற்கிறது. இந்த இடைவெளியை நிரப்பத் தேவையான பணம் பல நிறுவனங்களின் லெவிக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

வரிக்கழிவு தோற்ற இடத்தில் வந்த லெவி

இந்த ஏற்பாடு ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1987இல் மலேசிய அரசு, ஊழியர் பயிற்சிக்குச் செலவிடும் உற்பத்தி நிறுவனங்களுக்கு இரட்டை வரிக்கழிவு தருவதாக அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. சிறு நிறுவனங்கள் பக்கமே வரவில்லை. வரி கட்டும் அளவுக்கு லாபம் வேண்டும், முதலில் செலவு செய்யக் கையில் காசு வேண்டும், விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும். இந்த மூன்றும் இருப்பவர்களுக்கே வரிக்கழிவு உதவும்.

அதனால்தான் 1992இல் மனிதவள மேம்பாட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1993இல் நிதி செயல்படத் தொடங்கியது. எல்லாரும் ஒரு விழுக்காடு கட்டு, கட்டியதைப் பயிற்சிக்குத் திரும்ப எடுத்துக்கொள் என்பது அதன் அடிப்படை. முதலில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளோடு தொடங்கி, பிறகு சேவைத் துறைகளுக்கும் விரிந்தது. 2001இல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் பெம்பாங்குனான் சும்பர் மனுசியா பெர்ஹாட் சட்டம் வந்தது. 2021 மார்ச் 1 முதல் வலை இன்னும் அகலமாக விரிக்கப்பட்டு, தனியார் துறையின் ஏறக்குறைய எல்லாத் தொழில்களும் அதற்குள் வந்தன.

இன்றைய விதி இதுதான்: 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் இருந்தால் ஒரு விழுக்காடு லெவி கட்டாயம். 5 முதல் 9 பேர் வரை இருந்தால் விருப்பப்பட்டுப் பதிந்துகொண்டு அரை விழுக்காடு கட்டலாம்.

இதில் 'மலேசிய ஊழியர்கள்' என்பதைக் கவனிக்க வேண்டும். சமையற்கட்டிலும் மேசையிலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை நம்பி நடக்கும் உணவகத்தில் மொத்தம் 25 பேர் வேலை செய்யலாம். அவர்களில் மலேசியர்கள் 8 பேரே என்றால், அந்த உணவகத்துக்கு லெவி கட்டாயமில்லை. பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டிலும் இருக்கும் நம் கடைகளில் பலவும் இந்தக் கோட்டுக்கு அருகில்தான் நிற்கின்றன. கோட்டுக்கு வெளியே இருப்பதை முதலாளி நிம்மதியாக நினைக்கலாம். ஆனால் அவர் விரும்பிப் பதிந்துகொள்ளாவிட்டால், பயிற்சிக் கதவு சாத்தியிருப்பது அந்த எட்டு மலேசியருக்கு.

ஆறு லட்சத்து இருபதாயிரம் வேலைகள்

2024 நவம்பரில் அரசு நிறுவனமான டேலண்ட்கோர்ப் ஓர் ஆய்வை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவு, மின்னிலக்கமயம், பசுமைப் பொருளாதாரம் ஆகிய மூன்றும் மலேசிய வேலைகளை எப்படி மாற்றும் என்று பத்து முக்கியத் துறைகளில் ஆராய்ந்தது. மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் ஏறத்தாழ 6,20,000 வேலைகள், அதாவது அந்தத் துறைகளில் இருக்கும் வேலைகளில் 18 விழுக்காடு, பெரிய அளவில் பாதிக்கப்படும் என்பது அதன் கணிப்பு. மொத்த, சில்லறை வணிகமும், உணவு உற்பத்தியும், தகவல் தொழில்நுட்பமும், மின்சார மின்னணுத் துறையும், பன்னாட்டு நிறுவனங்களுக்கு அலுவலக வேலை செய்துதரும் சேவை மையங்களும் அந்தப் பத்தில் அடக்கம். புதிதாக உருவாகும் 60 வகை வேலைகளையும் அதே ஆய்வு அடையாளம் காட்டியது.

பாதிக்கப்படும் வேலைகள் எல்லாம் மறைந்துபோகும் என்று இதற்கு அர்த்தமில்லை. வேலையின் உள்ளடக்கம் மாறும். கணக்குப் பிரிவில் ஒரு நாள் முழுக்க ரசீதுகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தவர், இனி இயந்திரம் படித்துத் தந்ததைச் சரிபார்ப்பவராக இருக்க வேண்டும். தொலைபேசியில் ஒரே கேள்விக்கு நூறு முறை பதில் சொன்னவர், இயந்திரம் பதில் சொல்ல முடியாத சிக்கலான நூற்றோராவது கேள்வியைக் கையாள வேண்டும். மாற்றத்தின் முதல் அடி விழுவது கிராணி வேலைகளில்தான்.

இந்த இடத்தில் நம் சமூகத்தின் கதையை நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறை, பிள்ளைகளை எப்படியாவது எஸ்பிஎம் வரை படிக்கவைத்து ஒரு நாற்காலியில் உட்காரவைக்கப் பாடுபட்டது. அந்தப் பிள்ளைகளில் கணிசமானோர் அமர்ந்த நாற்காலிகள் வரவேற்பு மேசையிலும் கணக்குப் பிரிவிலும் கிடங்கிலும் வாடிக்கையாளர் சேவையிலும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சி தர ஒழுங்கான ஏற்பாடு இருக்கவில்லை. அந்த அலட்சியத்தின் விலையை நகர்ப்புற அடுக்குமாடிகளில் ஒரு தலைமுறை கட்டியது. இம்முறை ஏற்பாடு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. இருந்தும் கோட்டைவிட்டால் பழியை வேறு யார்மீதும் போட முடியாது.

பணத்தை எடுப்பது எப்படி

பல முதலாளிகள் லெவியை இன்னொரு வரி என்றே நினைக்கிறார்கள். கட்டிய பணம் போன பணம் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில், கட்டும் தொகை நிறுவனத்தின் பெயரில் உள்ள லெவிக் கணக்கில் சேர்கிறது. இ-ட்ரிஸ் என்ற இணைய முகப்பில் நுழைந்தால் மீதி எவ்வளவு என்று பார்க்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 மலேசிய ஊழியர்கள், சராசரிச் சம்பளம் 3,000 ரிங்கிட். மாதச் சம்பளச் செலவு 45,000. லெவி 450. ஓர் ஆண்டில் 5,400 ரிங்கிட். இதுவே 12 பேரும் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருக்கும் கடை என்றால், மாதம் 204, ஆண்டுக்கு 2,448 ரிங்கிட். பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் இருவரையோ மூவரையோ ஒரு நல்ல பொதுப் பயிற்சிக்கு அனுப்ப அது உதவும்.

செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கென்று தனி லெவியோ தனி விதியோ தேவையில்லை. எச்ஆர்டி கோர்ப்பில் பதிவுபெற்ற பயிற்சி நிறுவனம், பதிவுசெய்யப்பட்ட பாடத்திட்டம், அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் இருந்தால் போதும். எக்செல் பயிற்சிக்கு எந்த வழியோ, சாட்ஜிபிடி பயிற்சிக்கும் அதே வழிதான்.

வழியின் முதல் படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மானிய விண்ணப்பத்தைப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே அனுப்ப வேண்டும். பயிற்சியை நடத்தி முடித்துவிட்டு ரசீதைத் தூக்கிக்கொண்டு போனால் பணம் வராது. பாட விவரம், தேதி, இடம், பயிற்றுநர், கலந்துகொள்ளும் ஊழியர்களின் பட்டியல், கட்டண மதிப்பீடு ஆகியவற்றோடு இ-ட்ரிஸில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகு வகுப்பை நடத்துவதே பாதுகாப்பான முறை.

இன்று பெரும்பாலான வகுப்புகள் 'எச்ஆர்டி கோர்ப் கிளைமபள்' என்ற திட்டத்தின் கீழ் நடக்கின்றன. முன்பு எஸ்பிஎல் காஸ் என்று அழைக்கப்பட்டது இதுவே. இதில் முதலாளி கட்டணத்தை முதலில் தம் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் பயிற்சி நிறுவனமே கழகத்திடம் கோரிக்கை வைக்கும். கழகம் முதலாளியின் லெவிக் கணக்கிலிருந்து கழித்துப் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். ஊழியர்களின் சாப்பாடு, பயணம் போன்ற அனுமதிக்கப்பட்ட செலவுகளை முதலாளி தனியே கோரலாம். கையில் ரொக்கப் புழக்கம் குறைவாக உள்ள சிறு கடைக்கு இது பெரிய ஆறுதல்.

வகுப்பு நாளில் வருகைப் பதிவைச் சரியாக வைத்திருப்பது அவசியம். பட்டியலில் இருக்கும் பெயருக்கும் வகுப்பில் அமர்ந்திருந்த ஆளுக்கும் பொருத்தம் இல்லையென்றால் கோரிக்கை சிக்கலாகும். கட்டணங்களுக்கு உச்சவரம்பு உண்டு. கோரிக்கை அனுப்பக் காலக்கெடுவும் உண்டு. இரண்டையும் கழகம் சுற்றறிக்கைகள் மூலம் அவ்வப்போது மாற்றுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் முக்கியம்: பயன்படுத்தாத லெவி என்றென்றைக்கும் காத்திருக்காது. குறிப்பிட்ட காலம் கடந்தால் நிறுவனத்தின் கணக்கிலிருந்து அது போய்விடும். 'இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்ட பணம் பறிபோனால், இழப்பு முதலாளியோடு நிற்பதில்லை.

எந்தப் பயிற்சி, யாருக்கு?

சந்தையில் இன்று 'ஏஐ' என்ற இரண்டெழுத்தை ஒட்டாத பயிற்சி அறிவிப்பைப் பார்ப்பதே அரிது. ஒரே நாளில் நூறு கருவிகளைக் காட்டும் வகுப்புகள் இருக்கின்றன. பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். மறுநாள் மேசைக்குத் திரும்பினால் ஒன்றும் கைக்கு வராது.

நல்ல பயிற்சி ஊழியரின் அன்றாட வேலையிலிருந்து தொடங்கும். வன்பொருள் கடைக் கணக்காளருக்குத் தேவை, விநியோகிப்பாளர்களின் ரசீதுகளையும் தம் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பிழை கண்டுபிடிப்பது. பயண முகவர் நிலைய ஊழியருக்கு, வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் விரைவாகவும் சரியாகவும் பதில் தயாரிப்பது. மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு முறையான மலாய்க் கடிதம் எழுதுவது. ஒரே வகுப்பில் இந்த மூவரையும் உட்காரவைத்துப் பொதுவாக எதையோ சொல்லி அனுப்பினால் மூவருக்கும் நட்டம்.

கருவியை நம்பக் கற்றுக்கொடுப்பதைவிட அதைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுப்பது முக்கியம். இந்த இயந்திரங்கள் தெரியாததையும் தெரிந்ததுபோல் எழுதும். இல்லாத சட்டப் பிரிவைக் காட்டும், கூட்டலில் தவறும், அதையும் தயக்கமில்லாமல் சொல்லும். தமிழில் கேட்டால் பிழைகள் இன்னும் கூடலாம், ஏனெனில் அவை கற்ற எழுத்துக் குவியலில் ஆங்கிலத்தோடு ஒப்பிடத் தமிழ் மிகக் குறைவு. விடையை எப்படிச் சரிபார்ப்பது, எந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கவே கூடாது என்பதற்குப் போதுமான நேரம் ஒதுக்காத வகுப்பு முழுமையானதாகாது.

அடுத்தது தகவல் பாதுகாப்பு. வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், மருத்துவ விவரம், சம்பளப் பட்டியல் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தும் இலவசச் செயலியில் ஒட்டிவிடுவது ஒரு நொடி வேலை. ஆனால் மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2024இல் அது மேலும் இறுக்கப்பட்டது. அதே 2024 செப்டம்பரில் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு செயற்கை நுண்ணறிவு நிர்வாகம், நெறிமுறை பற்றிய தேசிய வழிகாட்டியை வெளியிட்டது. இந்த இரண்டையும் ஒரு முறையாவது எடுத்துச் சொல்லாத பயிற்றுநரிடம் ஊழியர்களை அனுப்பும் முதலாளி, நாளை ஒரு புகாருக்குப் பதில் சொல்ல வேண்டிவரலாம்.

முதலில் யாரை அனுப்புவது? வழக்கமாக மேலாளர்கள் போவார்கள். வகுப்பு ஹோட்டலில், சாப்பாடு பஃபே. லெவியின் நோக்கத்தை மனத்தில் வைத்தால் வரிசை மாற வேண்டும். எந்த வேலை முதலில் மாறப்போகிறதோ, அந்த வேலையில் இருப்பவர் முதலில் போக வேண்டும். கணினியில் வேகமாகத் தட்டும் இளைஞரைவிட, இருபது ஆண்டாக அதே கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவரும் நாற்பத்தைந்து வயது அக்காவுக்கே இந்தப் பயிற்சி அவசரம். அந்த வணிகத்தின் நெளிவுசுளிவு அவருக்குத் தெரியும். இயந்திரம் தவறு செய்தால் பார்த்தவுடன் பிடிப்பவர் அவர்தான்.

பரிசோடு வரும் வகுப்புகள்

எங்கே ஒதுக்கப்பட்ட பணம் இருக்கிறதோ அங்கே அதை உறிஞ்ச வருபவர்களும் இருப்பார்கள். 'வகுப்பில் சேர்ந்தால் டேப்லட் இலவசம்', 'லெவியில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம்', 'ஆட்கள் வராவிட்டாலும் கையெழுத்து மட்டும் போடுங்கள்' என்று அணுகுபவர்கள் இந்தத் துறையில் புதியவர்கள் அல்லர். பரிசுப் பொருளையும் பணத்தையும் காட்டி முதலாளிகளை இழுப்பதற்கு எதிராகக் கழகம் எச்சரித்திருக்கிறது. நடக்காத பயிற்சிக்குப் பணம் கோரிய நிறுவன இயக்குநர்கள் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்தின் நடவடிக்கைக்கு ஆளாகி நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

முதலாளிகள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பொய்க் கோரிக்கைக்குத் துணைபோனால் பயிற்சி நிறுவனம் மட்டும் மாட்டிக்கொள்ளும் என்ற கணக்கு தவறு. வருகைப் பதிவில் இருப்பது உங்கள் ஊழியர்களின் பெயர். ஒப்புதல் தந்தது உங்கள் நிறுவனம்.

கழகத்திடமும் நாம் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் தேசியத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையும், நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கையும் கழகத்தின் முதலீடுகள், நிர்வாகம் பற்றிக் கடுமையான கேள்விகளை எழுப்பின. விவகாரம் ஊழல் தடுப்பு ஆணையம் வரை சென்றது. டாக்டர் சுப்பிரமணியம், குலசேகரன், சரவணன், சிவகுமார் என்று தமிழ் பேசும் அமைச்சர்கள் பலர் மனிதவள அமைச்சில் அமர்ந்திருக்கிறார்கள். அமைச்சரின் பெயரில் பெருமைப்படும் உரிமை நமக்கு உண்டென்றால், அந்த அமைச்சின் கீழ் உள்ள நிதி எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் பொறுப்பும் நமக்கு உண்டு.

கற்றுக்கொண்டு போய்விட்டால்?

சிறு முதலாளிகளின் உண்மையான பயம் வேறு இடத்தில் இருக்கிறது. 'சொல்லிக்கொடுத்து ஆளாக்குவோம். மறுமாதம் இருநூறு வெள்ளி கூடக் கிடைக்குதுன்னு வேற கம்பெனிக்குப் போயிடுவான்.' இதை வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்க முடியாது. பயிற்சி கொடுத்தவருக்குச் செலவு, ஆளைத் தட்டிப் பறித்தவருக்கு லாபம். எல்லாரும் இப்படிக் கணக்குப் பார்த்தால் யாரும் யாருக்கும் கற்றுத்தர மாட்டார்கள்.

லெவி என்ற ஏற்பாடு இந்தச் சிக்கலுக்கும் விடை. ஊர்க் கிணற்றைத் தூர்வார வீட்டுக்கு வீடு வரி போடுவதுபோல, ஆளை எடுப்பவர், இழப்பவர் என்ற வேறுபாடில்லாமல் அனைவரும் கட்டுகிறார்கள். இன்று உங்களிடம் கற்றவர் நாளை வேறு இடம் போகலாம். நாளை உங்களிடம் வேலை கேட்டு வருபவர் இன்னொருவரின் லெவியில் கற்றவராக இருப்பார். தம் பங்கைக் கட்டிவிட்டு, பயந்துகொண்டு எடுக்காமல் இருக்கும் முதலாளிதான் இதில் இரட்டை நட்டம் அடைகிறார். அவர் ஆட்களும் போவார்கள், பணமும் போகும்.

கற்றவர்கள் நிற்க வேண்டுமென்றால் கற்றதற்கு மதிப்புத் தர வேண்டும். புதிய கருவியால் ஒரு நாள் வேலை அரை நாளில் முடிந்தால், மீதி அரை நாளில் இன்னும் பொறுப்பான வேலை, அதற்கேற்ற சம்பளம். அதைவிட்டு 'இப்போது ஒருவர் போதுமே' என்று மற்றவரை வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த பயிற்சிக்கு எவரும் மனதார வர மாட்டார்கள்.

கணக்கு யார் பெயரில்?

பக்கத்து நாடான சிங்கப்பூரிலும் இதுபோன்ற லெவி இருக்கிறது. அங்கே திறன் மேம்பாட்டு லெவி சம்பளத்தில் 0.25 விழுக்காடு. ஓர் ஊழியருக்கு மாதம் குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11 வெள்ளி 25 காசு. வெளிநாட்டு ஊழியர்களுக்கும் சேர்த்தே முதலாளி கட்ட வேண்டும். விகிதம் மலேசியாவைவிடக் குறைவு. ஆனால் 2015இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கத்தின் கீழ், சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அவரவர் பெயரிலேயே பயிற்சிக்கான நிதியை அரசு வைத்திருக்கிறது. 25 வயதை எட்டியவர்களுக்கு 500 வெள்ளி. 2024 மே முதல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி. முதலாளி அனுப்பாவிட்டாலும் ஊழியர் தாமே போய்ப் படிக்கலாம்.

மலேசியாவில் லெவிக் கணக்கு முதலாளி பெயரில் இருக்கிறது. ஊழியர் தாமாக அதைத் தொட முடியாது. ஓராண்டு முழுக்க முதலாளி பயிற்சிக்கே அனுப்பவில்லையென்றால், அந்த ஊழியருக்காகக் கட்டப்பட்ட லெவியில் ஒரு பகுதியையாவது அவர் பெயருக்கு மாற்றி, அவரே பாடத்தைத் தேர்ந்தெடுக்க வழி செய்ய வேண்டும். அதற்கு முன்னதாக இன்றே செய்யக்கூடிய சிறு சீர்திருத்தமும் உண்டு. சம்பளச் சீட்டில் 'முதலாளி கட்டிய பயிற்சி லெவி' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தெரிந்த பணத்தைத்தான் மனிதர்கள் கேட்பார்கள்.

பத்துக்குக் கீழே இருப்பவர்கள்

நான்கு பேர் வேலை செய்யும் தையல் கடைக்கும், தனியாக வண்டி ஓட்டிச் சம்பாதிப்பவருக்கும் லெவிக் கணக்கு இல்லை. ஆனால் சில கதவுகள் திறந்தே இருக்கின்றன. 2024 ஜனவரியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தொடக்கிவைத்த 'ஏஐ உந்தோக் ராக்யாட்' இணைய வகுப்பு எல்லாருக்கும் இலவசம். இரண்டு பகுதிகள், மொத்தம் நான்கு மணி நேரம். மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் இருக்கிறது. எச்ஆர்டி கோர்ப் நடத்தும் இ-லாத்தே என்ற தளத்திலும் இலவசப் பாடங்கள் உள்ளன. வேலை இழந்தவர்கள் சொக்சோவின் வேலைக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் பயிற்சி உதவி கேட்கலாம். ஐந்து முதல் ஒன்பது பேர் உள்ள கடைகள் விருப்பப் பதிவைத் தீவிரமாக யோசிக்க வேண்டும். 1,700 ரிங்கிட் சம்பளத்துக்கு அரை விழுக்காடு என்பது ஆளுக்கு மாதம் எட்டரை ரிங்கிட்.

அடுத்த படியை நம் அமைப்புகள் எடுக்க வேண்டும். மலேசிய இந்திய வர்த்தகத் தொழிலியல் சங்கங்களின் சம்மேளனமான மைக்கியும், உணவக உரிமையாளர் சங்கங்களான பிரிமாசும் பிரெஸ்மாவும் தனிக் கடைகள் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யலாம். ஒரே தொழிலில் உள்ள பத்துக் கடைகள் கடைக்கு இருவரை அனுப்பினால் ஒரு முழு வகுப்பு. ஒவ்வொரு கடையும் தன் லெவியிலிருந்து தன் ஆட்களுக்குக் கோரலாம். பாடம் அந்தத் தொழிலுக்கென்றே அமையும். மேடை, மாலை, பொன்னாடைக்குச் செலவாகும் உழைப்பில் பாதி இதற்குப் போனால் போதும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கூட்டு ஒப்பந்தம் பேசும்போது சம்பளம், விடுமுறை, மருத்துவச் செலவோடு, ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஆண்டுக்கு இத்தனை நாள் லெவிப் பயிற்சி என்ற கோரிக்கையையும் மேசையில் வைக்க வேண்டும்.

கடைசியாக, இதைப் படிக்கும் ஊழியர்களுக்கு. உங்கள் சம்பளத்தை வைத்துக் கட்டப்பட்ட பணத்தைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. 'நம்ம கம்பெனி எச்ஆர்டி லெவி கட்டுதா? மீதி எவ்வளவு இருக்கு? இந்தப் பாடம் என் வேலைக்கு உதவும், என்னை அனுப்புவீங்களா?' இந்த மூன்று கேள்விகளையும் பணிவாக, பாட விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். விண்ணப்ப வேலைக்குப் பயந்து தள்ளிப்போட்டுவரும் பல முதலாளிகளுக்கு, தேடிப் பிடித்து வந்த ஊழியரே பாதி வேலையை முடித்துத் தந்தவராகிறார். பதில் 'இல்லை' என்று வந்தால் காரணத்தைக் கேளுங்கள், அடுத்த ஆண்டும் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகும்போதுதான் இந்த ஒரு விழுக்காடு அதற்குரியவர்களிடம் போய்ச் சேரும்.

பெட்டிச் செய்தி: பயிற்சி நிறுவனத்திடம் முதலாளி கேட்க வேண்டியவை

1. உங்கள் நிறுவனமும் இந்தப் பாடமும் எச்ஆர்டி கோர்ப்பில் பதிவு பெற்றவையா? கழகத்தின் இணையத்தில் நாங்களே சரிபார்க்க முடியுமா?

2. பயிற்றுநர் எங்கள் தொழிலில், அல்லது அதற்கு நெருங்கிய தொழிலில், வேலை செய்த அனுபவம் உள்ளவரா?

3. வகுப்பு முடிந்த மறுநாள் எங்கள் ஊழியர் எந்த வேலையைத் தாமாகச் செய்வார்? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

4. பயிற்சிக்கு எங்கள் வேலையிலிருந்தே மாதிரிகளை எடுத்துக்கொள்வீர்களா? தனிநபர் விவரங்களை நீக்கும் முறையைச் சொல்லித்தருவீர்களா?

5. எந்தக் கருவியில் பயிற்சி? இலவசப் பதிப்பா, சந்தா கட்ட வேண்டியதா? வகுப்புக்குப் பிறகு அந்தச் செலவு யாருடையது?

6. எந்த மொழியில் நடத்துவீர்கள்? ஆங்கிலத்தில் தயங்கும் ஊழியருக்கு மலாயிலோ தமிழிலோ விளக்க ஆள் உண்டா?

7. சில வாரங்கள் கழித்துச் சந்தேகங்களைத் தீர்க்க இன்னொரு அமர்வு உண்டா?

8. பரிசு, ரொக்கம், கழிவு என்று எதையாவது எடுத்துச் சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.